தகட்டில் புகை

அன்புள்ள சேகர்,

பேத்தி பிறந்த செய்தியில் மனம் நிறைந்தது. தாயும் சேயும் நலம்தானே? கூடவே நீ செம்புத் தகட்டில் அரித்து அச்சிட்டு அனுப்பிய ஆலைப் படத்தின் முதல் பிரதியையும் பார்த்தேன். புகைபோக்கி கம்பீரமாக வந்திருக்கிறது. புகைதான் வெட்டி ஒட்டிய காகிதம் போல நிற்கிறது.

புகையைத் தட்டையாக வைப்பதில் தவறில்லை, மற்றதெல்லாமும் தட்டையாக இருந்தால். 1902இல் வெளியான 'ஈஃபில் கோபுரத்தின் 36 காட்சிகள்' தொகுப்பில் பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ரிவியேர் அதைத்தான் செய்தார். மரக்கட்டையில் தொடங்கி, பிறகு ஐந்து நிறக் கல்லச்சுக்கு மாறினார். ஜப்பானிய ஓவியர் ஹோகுசாயின் வழியில் ஆறு, பனி, வானம் எல்லாமே தட்டை நிறங்கள். அதனால் புகையும் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. பாரிஸ் புறநகரை வரைந்த ஓவியர் ரஃபாயெல்லியின் வழி வேறு. அமிலமில்லாமல் தகட்டை நேரடியாகக் கீறும் உலர் ஊசி கிளப்பும் செம்புப் பிசிறில் மை தங்கும், கோட்டின் ஓரம் கலங்கும். அந்தப் பிசிறு அழுத்தத்தில் சீக்கிரம் படிந்துவிடும் என்பதால்தான் அக்காலத்தில் தகட்டுக்கு எஃகு முலாம் பூசினார்கள். உன் படத்துக்கு இந்தக் கலங்கல்தான் தேவை என்பது என் கணிப்பு.

உன் அக்வாடின்ட்டில் (ரோசின் தூள் ஒட்டிய தகட்டை அமிலத்தால் அரித்துத் தொனி எடுக்கும் முறை) கோளாறு வார்னிஷ் ஓரத்தில் இருக்கிறது. அமிலம் தாக்காதபடி வார்னிஷ் பூசி அமிலத்தில் முக்கினால் ஓரம் கத்தியாகத்தான் விழும். அடுத்த தகட்டில் ரோசின் என்ற பிசின் தூளைச் சூடாக்கும்போது துகள்கள் பளபளத்ததும் நிறுத்து. மீறினால் உருகி ஒன்றாகிவிடும், அமிலம் இறங்க இடமிருக்காது. குறைந்தால் தூள் உதிரும். பிறகு புகை வரும் இடத்தைத் தண்ணீரால் நனைத்து, நடுவில் மட்டும் நைட்ரிக் அமிலத்தைத் தூரிகையால் தொடு. அமிலம் ஈரத்தில் பரவி ஓரத்தில் தானே மெலியும். டச்சு மார்டன்ட் என்ற அரிப்புக் கரைசல் இதற்கு ஆகாது, மிக மெதுவாக அரிக்கும். அமிலக் கரைசல் கலக்கும்போது எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். செம்பின் மேல் பழுப்பு நச்சுப்புகை கிளம்பும், ஜன்னல்களைத் திறந்து வை, கையுறை போடு.

இந்தத் தகட்டையும் எறிந்துவிடாதே. கடின ஓரத்தில் எண்ணெய் தொட்டு, மழுங்கிய எஃகுக் கருவியால் தேய்த்தால் தொனியின் கருமை குறையும். மையைத் துடைத்த பிறகு மஸ்லின் துணியை லேசாக மேலே இழுத்தால் கோடுகளிலிருந்து மை கொஞ்சம் வெளியே வரும். ஒருமுறை போதும். அதிகமானால் ஆலைச்சுவரின் கறுப்பு வானத்தில் ஏறிவிடும்.

அடுத்த பிரதியை நன்றாகக் காய்ந்த பிறகே தபாலில் சேர்.

அன்புடன்,
ராமநாதன்