உயரத்தைச் சொல்லாத பயணக் கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் பற்றிய கட்டுரையில், "குழந்தை முதல் பாட்டி வரை எவரும் சிரமமின்றி ஒரே நாளில் யுங்ஃப்ராவ் சிகரத்தில் நின்று திரும்பலாம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வாசிப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த ஒரு வரி என்னை உறங்கவிடவில்லை.

ரயில் போய் நிற்கும் இடம் சிகரமே அன்று. 'யோக்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு இரு மலைகளுக்கு இடைப்பட்ட கணவாய் என்று பொருள். யுங்ஃப்ராவ், மோன்ஷ் என்ற இரு சிகரங்களுக்கு நடுவே 3,454 மீட்டரில் நிலையம் இருக்கிறது; 4,158 மீட்டர் உயரமுள்ள சிகரம் கயிறும் பனிக்கோடரியும் கொண்டு ஏறுபவர்களுக்கு உரியது. இது தாங்கள் அறியாததல்ல.

இதுபோன்ற ஒரு கட்டுரையை நம்பித்தான் எழுபத்தொரு வயதான என் தாயாரை அங்கே அழைத்துச் சென்றேன். அடிவாரத்து ஊரான கிரிண்டல்வால்டில் கம்பிவட ஊர்தியில் ஏறி, 2,320 மீட்டரில் உள்ள ஐகர்கிளெட்சர் நிலையத்தில் ரயிலுக்கு மாறி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 2,500 மீட்டர் உயர்ந்துவிட்டோம். மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவே. ஸ்ஃபிங்க்ஸ் என்ற காட்சி மாடத்தில் மின்தூக்கியை விட்டு வெளியே வந்த அம்மா, அலெட்ச் பனியாற்றைக் கண்ணால் காணுமுன்பே சுவரைப் பிடித்தபடி சரிந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. எங்கள் வழிகாட்டியோ, அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். முன்பின் அறியாத ஒரு சுவிஸ் மூதாட்டிதான் அம்மாவை உட்காரவைத்து, அடுத்த ரயிலிலேயே இறங்கிவிடும்படி எங்களை வற்புறுத்தினார். ஐகர்கிளெட்சரை அடைந்த பிறகே அம்மாவின் முகத்தில் நிறம் திரும்பியது. அன்றிரவு அவர், "என்னாலதானேடி உன் காசெல்லாம் வீணாப் போச்சு" என்று அழுததை என்னால் மறக்க முடியவில்லை. தவறு அவருடையதா?

முன்பும் ஒருமுறை அந்த மலையைப் பற்றி "என்றும் உருகாத பனி" என்று எழுதினீர்கள். ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே நீளமான அலெட்ச், 1870-களுக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் சுருங்கிவிட்டது என்று அப்போதே கடிதம் எழுதினேன். 1912-இல் திறந்த அந்த ரயில்பாதைக்கு, அதைத் திட்டமிட்ட தொழிலதிபர் அடோல்ஃப் குயர்-ட்செல்லர் ஒருவரையே புகழ்ந்தபோதும், பாறையை உடைத்த இத்தாலியத் தொழிலாளர்களுக்கு அரை வரியாவது ஒதுக்கக் கூடாதா என்று கேட்டேன். இரண்டுக்கும் பதிலில்லை; அவற்றைப் பொறுத்துக்கொண்டேன். இந்த வரியை நம்பி இன்னும் எத்தனை பேர் தங்கள் பெற்றோரை அங்கே கூட்டிச் செல்வார்களோ என்பதால்தான் மீண்டும் எழுதுகிறேன்.

அடுத்த இதழில் ஒரு சிறு கட்டத்தில், அந்த இடத்தின் உயரத்தையும், இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்களும் முதியவர்களும் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதையும், தலைசுற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும் என்பதையும் வெளியிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி