பெரியம்மாவுக்கு ஒரு பெட்டி

நல்லா இருக்கியாடி? உன் மாமியாருக்கு கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்ப பேப்பர் படிக்கிறாங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு, கேட்டதும் மனசு லேசாச்சு. இங்க எல்லாரும் சுகம். வாடைக்காத்து ஆரம்பிச்சிருச்சு, துணி காயவே மாட்டேங்குது, உப்பைத் திறந்து வச்சா தண்ணியாகிருது, உனக்குத் தெரியாததா.

நான் இப்ப ஒரு மரப்பெட்டி செஞ்சிட்டு இருக்கேன், பெரியம்மாவுக்கு. பொங்கலுக்கு குடுக்கணும். நம்ம ஸ்கூல் விட்டு வந்தா அவல் குழைச்சுத் தருவாங்களே, அதே பெரியம்மாதான். அவங்ககிட்ட பெரியப்பா கொழும்புல கடை வச்சிருந்தப்ப போட்ட லெட்டர் எல்லாம் இருக்கு. அந்தக் காலத்துல ரயில்ல தனுஷ்கோடி போய் இறங்கி, கப்பல் ஏறி தலைமன்னார் போவாங்களாம், 1964 புயல்ல தனுஷ்கோடியே போனப்புறம் ராமேஸ்வரத்துல இருந்து கப்பல். அந்த லெட்டரெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுல கிடந்துச்சு. போன மாசம் திறந்து பாத்தா டின்னோட அடி துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கு, கீழ இருந்த நீல ஏர்மெயில் தாள்ல துருக்கறை ஏறி, மடிப்புல எழுத்தே தெரியல. பெரியம்மா ஒண்ணும் சொல்லல, அந்தத் தாளை மட்டும் மடியில வச்சு நீவிக்கிட்டே இருந்தாங்க. எனக்குத்தான் தாங்கல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இரும்பே இல்லாத ஒரு பெட்டி செய்யணும்னு.

யூட்யூப்ல பாத்தா எல்லாரும் ரெடிமேட் எம்டிஎஃப் பெட்டி (மரத்தூள பசையோட அழுத்திச் செய்ற பலகை) வாங்கி அதுமேல சிப்பி, பாசிமணி, லேஸ் எல்லாம் ஒட்டி முடிச்சிடுறாங்க. பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா நம்ம ஊர் ஈரத்துக்கு எம்டிஎஃப் ஊதிப்போயிரும்டி. உள்ள வைக்கிறது பத்திரமா இருக்கணும், மத்ததெல்லாம் அப்புறம். அலங்காரத்த கடைசியா யோசிக்கணும்னு நான் உறுதியா நம்புறேன்.

மரம் வேம்பு. வீட்டு நிலைக்கு அறுத்து மிஞ்சின பலகை, பரண்ல வருஷக்கணக்கா காஞ்சு கிடந்துச்சு. வேம்புல பூச்சி அவ்வளவா அண்டாது. முன்னாடி வள்ளம் கட்டின ஆசாரி ஒருத்தர் நம்ம தெருக்கோடில இருக்காருல்ல, ஃபைபர் படகு வந்தப்புறம் அவருக்கு அந்த வேலையே இல்ல, இப்ப ஜன்னல் கதவுன்னு செய்றாரு. அவர்தான் மரம் இழைக்கிற இழைப்புளி பிடிக்கவே கத்துக்குடுத்தாரு. நாலு மூலையும் விரல் கோத்த மாதிரி பல்லுப்பல்லா வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறக்கி ஃபெவிகால் வச்சிருக்கோம், ஆணிக்குப் பதிலா மூங்கில சீவி முளை அடிச்சோம். அடிப்பலகைய மட்டும் ஒட்டவே இல்ல. பக்கப்பலகைல சுத்திவர காடி, அதான் நீளப் பள்ளம், எடுத்து அதுக்குள்ள சொருகி, ரெண்டு பக்கமும் தாள் கனத்துக்கு இடம் விட்டிருக்கோம். ஏன்னா மரம் மழைக்காலத்துல அகலவாட்டுல உப்பும், கோடையில சுருங்கும், நீளவாட்டுல அவ்வளவா அசையாது. இறுக்கி ஒட்டினா ஒருநாள் பட்டுனு வெடிச்சிரும். ஆசாரி இத சொல்றப்ப அவர் கட்டின வள்ளத்தப் பத்தி பேசுற மாதிரியே அவ்வளவு அக்கறையா சொன்னாரு.

மூடில என்ன போடலாம்னு ரொம்ப யோசிச்சேன். பூ, மயில் எல்லாம் வேணாம்னு தோணுச்சு. பெரியம்மா வாசல்ல தினமும் போடுற புள்ளிக்கோலம், அஞ்சு புள்ளி வச்சு சுத்துவாங்களே, அதையே போட்டுட்டேன். ராமேஸ்வரம் கடையில சங்கு அறுத்த துண்டு கேட்டு வாங்கி வந்தேன். (பவளப்பாறை துண்டு கரையில கிடந்தாக்கூட எடுக்கக் கூடாதுடி, வன உயிரினச் சட்டத்துல இருக்கு, அதத் தொடவே இல்ல.) சங்க நல்ல தண்ணில ஊறவச்சு, தண்ணிய மாத்தி மாத்தி உப்ப எடுத்துரணும், உப்பு உள்ள இருந்தா ஈரத்த இழுத்து பசைய விட்டுரும். வினிகர் ஊத்தக் கூடாது, சங்கே கரையும். தேய்க்கும்போது தண்ணி விட்டுத்தான் தேய்க்கணும், மாஸ்க் வேற, அந்தத் தூசி நெஞ்சுக்கு ரொம்பக் கெடுதல். ஒவ்வொரு துண்டுக்கும் சின்ன உளியால குழி எடுத்து, அரால்டைட் பசை ரெண்டு ட்யூபையும் சரிசமமா கலந்து, இடுக்குல நிரப்ப மரத்தூளும் சேத்துக் குழைச்சு பதிச்சேன். காஞ்சப்புறம் உப்புத்தாள் போட்டு மொத்தமா சமமா தேய்ச்சா வெள்ளப்புள்ளி மரத்தோட மட்டமா வந்து நிக்குது. கைய வச்சு தடவுனா எங்க மரம் முடியுது எங்க சங்கு ஆரம்பிக்குதுன்னே தெரியல. நீ பாக்கணும்டி, வேம்போட செவப்புக்கு மேல அந்த வெள்ளை அவ்வளவு அழகு.

வெளிப்பக்கம் மட்டும் அரக்கு பாலிஷ் போடணும். ஈரக்காத்து அடிக்கிற நேரத்துல போட்டா வெள்ளையா பூத்துப் போகுமாம், அதனால நல்ல வெயில் நாளுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். உள்பக்கம் ஒண்ணும் பூசப் போறதில்ல, பாலிஷ் வாடை தாளுக்கு ஆகாது. ஒரு சின்னத் துணில வசம்பு கட்டிப் போட்டுருவேன், ஓலைச்சுவடிக்கு வைப்பாங்களே அது மாதிரி.

பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது. இழைக்கிற சத்தம் கேட்டு ஏதோ நாற்காலி செய்றேன்னு நெனச்சிட்டு இருக்காங்க. முடிஞ்சா பொங்கலுக்கு நீயும் வா, புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்ததுல இருந்து ரயில் நேரா ராமேஸ்வரம் வரைக்கும் வருது.

ஒரு உதவி பண்ணுடி. இங்க கிடைக்கிற கீல் எல்லாம் இரும்புமேல பித்தளை முலாம், நம்ம காத்துக்கு கொஞ்ச நாள்ல துரு எட்டிப் பாத்துரும். அங்க டவுன்ஹால் பக்கம் போனா நல்ல பித்தளைக் கீல் ஒரு ஜோடி, ஒரு இஞ்ச் நீளத்துல, வாங்கி கூரியர்ல போடு. கடையிலயே ஒரு காந்தம் வச்சுப் பாரு, ஒட்டுனா வேணாம்னு சொல்லிரு. ஸ்க்ரூவும் பித்தளையாவே, அரை இஞ்சுக்கு கம்மியா எடு. மூடி கனம் அரை இஞ்ச்தான், முனை மேல வந்துருச்சுன்னா கோலம் கெட்டுப் போயிரும். காச ஜிபே பண்றேன்.