எடைக்குப் போடுமுன் ஒரு தொலைபேசிக் கோல் எடுங்கள்

கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடங்கள் நடத்தும் பெரியோருக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

வெள்ளவத்தையில் ஒரு கூடம் இடம் மாறியபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த வன்தட்டுகளும் இறுவட்டுகளும் (சீடிகளும்) அட்டைப்பெட்டியோடு பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போயின. எந்த இசைக்குழுவுக்கும் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. அந்தப் பெட்டிகளில் ஒன்றில், 2005இல் பதிவான நான்கு மெட்டல்கோர் (ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை) பாடல்களின் முழுத் தடங்களும், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்குமான தனித்தனிப் பதிவுகளும், இருந்தன.

அந்தப் பதிவு அழிந்துவிட்டதென்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். கைமாறிக்கொண்டிருந்தவை இரண்டு பாடல்கள் மட்டும், அதுவும் 128 கிலோபிற் எம்பி3 ஆக. 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே, உச்சச் சுருதி ஒலிகள் ஒன்றுமே இல்லை. டிரம்ஸின் கிராஷ் சிம்பல் என்ற பித்தளைத் தட்டை அடிக்கும் இடமெல்லாம் தண்ணீருக்குள் அடித்ததுபோல் கலங்கிக் கேட்கும். இப்போதுதான் ஒரு வீட்டு அலுமாரியிலிருந்து, அந்நாளில் கூடத்தில் பதிந்து கொடுத்த இறுவட்டு ஒன்று வெளியே வந்திருக்கிறது. நான்கு பாடல், 17 நிமிடம். மூன்றாவது பாடலின் பாதிதான் இல்லை.

இல்லாமற்போன விதத்தைச் சொல்ல வேண்டும். இறுவட்டின் மேல் காகிதப் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. எழுதக்கூடிய இறுவட்டில் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் மேற்பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. கொழும்பின் ஈரப்பதனில் காகிதம் ஊதும், சுருங்கும், ஓரம் கிளம்பும். கிளம்பியதை யாரோ உரித்திருக்கிறார்கள். படலமும் கூடவே வந்துவிட்டது. உரிந்த இடம் நகத்துண்டளவு, மையத்திலிருந்து வெளிநோக்கி ஒன்றரை மில்லிமீற்றர் அகலம். ஆனால் 17 நிமிடப் பதிவு முழுவதுமே தட்டின் உட்பக்கத்தில் ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் அந்த ஒன்றரை மில்லிமீற்றர் ஏறக்குறைய இரண்டே முக்கால் நிமிடத்தைத் தின்றுவிட்டது. சுமார் இரண்டரை மில்லிமீற்றர் நீள வெட்டு வரை இறுவட்டு தானே திருத்திக்கொள்ளும். தட்டு சுற்றும் திசையில் இந்த உரிவு அதைவிட நீளம். தட்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும், அதாவது வினாடிக்கு ஆறேழு தடவை, ஒலி அறுகிறது. சரியாகப் பிரேக்டவுன் (வேகம் குறைந்து தாளம் கனக்கும் பகுதி) தொடங்கும் இடத்தில். வேறுவேறு ட்ரைவ்களில் ஆகக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்தாயிற்று. படலமே இல்லாத இடத்தில் வாசிக்க எதுவுமில்லை.

அந்த வன்தட்டு இருந்திருந்தால் இந்த இரண்டே முக்கால் நிமிடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆகவேதான் கேட்கிறோம்: எறிவதற்கு முன் அந்தக் குழுவுக்கு ஒரு கோல் எடுங்கள். மூன்று மாதம் தவணை கொடுங்கள். வந்து பிரதியெடுக்க விடுங்கள்.

இடம் இல்லை என்கிறீர்கள். 24 தடம், 24 பிற், 44.1 கிலோஹேர்ட்ஸ் என்றால் 17 நிமிடத்துக்கு மூன்றேகால் ஜிகாபைற்றுக்குள் அடங்கும். திறப்புக் கோர்வையில் தொங்கும் 4 ஜிகாபைற் பென் ட்ரைவ் போதும். பழைய கியூபேஸ் (ஒலிப்பதிவு மென்பொருள்) கோப்பு இப்போது திறக்காது என்கிறீர்கள். திறக்கத் தேவையில்லை. ஓடியோ கோப்புறையை அப்படியே குழுவிடம் கொடுங்கள். இடையில் வெட்டிச் சேர்த்த துண்டுகள்கூட, புரோட்காஸ்ட் வேவ் என்ற ஒலிக்கோப்பு வகையாக இருந்தால், தங்கள் நேரக்குறியை உள்ளேயே வைத்திருக்கும்.

வன்தட்டு டிக் டிக் என்று சத்தம் போட்டால் திரும்பத் திரும்ப மின் கொடுத்துப் பார்க்காதீர்கள், அப்படியே குழுவிடம் கொடுங்கள். சத்தமில்லாமல் சுற்றும் பழைய ஐடிஈ (பழைய இணைப்பு வகை) வன்தட்டு என்றால் முதல் வேலை, டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருளால் முழுத் தட்டையும் ஒரே பிரதியாக எடுப்பது. கோப்பு கோப்பாக இழுப்பது பிறகு. ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் வெளிக்காற்றில் திறந்தால் மேலே நீர் படியும். உறையில் கட்டி, சில மணித்தியாலம் விட்டுத் திறவுங்கள். ஒட்டிய பெயர்ச்சீட்டை மட்டும், தயவுசெய்து, உரிக்காதீர்கள்.

கசற்றில் இருந்தால் இரைச்சலைத் துடைத்துத் தர வேண்டாம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கிற்றார் அம்ப்பின் உறுமல் அதன் இரட்டிப்பான 100 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டும். 106இல் நின்றால் நாடா ஓர் அரைச்சுரம் வேகமாக ஓடுகிறது. கிற்றாரை எந்தச் சுருதிக்கு இறக்கினார்கள் என்று குழுவுக்கே மறந்திருக்கலாம். அந்த உறுமல் சொல்லிவிடும்.

இலங்கை வானொலியின் பழைய இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசும்போது நம் எல்லாருக்கும் குரல் கனக்கிறது. அதே ஊரில், சின்னச் சின்ன அறைகளில் முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டிப் பாடிய பிள்ளைகளின் இசைக்கு மட்டும் ஏன் கிலோக் கணக்கு? வானொலி பெரும்பாலும் அவர்களைப் போடவில்லை, கடைகள் பெரிதாக விற்கவில்லை, பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. அவர்கள் இருந்ததற்கு மிஞ்சிய சாட்சி உங்கள் அலுமாரி ஒன்றுதான். அதையும் காலி செய்வதென்றால் சொல்லிவிட்டாவது செய்திருக்கலாம்.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்தருளுங்கள். வாடகையும் மின்கட்டணமும் உங்களை எப்படி நெருக்குகின்றன என்பது தெரியாதவர்கள் அல்ல நாங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை, அதாவது பதிப்புரிமைச் சிக்கலை, நினைத்துச் சிலர் தயங்குகிறீர்கள். பதிவை எங்களிடம் தரவோ வெளியிடவோ கேட்கவில்லை. காசு கட்டிப் பதிவு செய்த குழுவிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறோம். அதற்கு ஒரு கோல் போதும்.

வெள்ளவத்தைப் பெட்டிகளை ஏற்றிச் சென்ற இரும்புக்காரரை உங்களில் யாராவது அறிந்திருந்தால் இன்றே அவரிடம் கேளுங்கள். தட்டுகளை உடைத்துக் காந்தத்தைக் கழற்றியிருக்காவிட்டால் இன்னும் காலம் இருக்கிறது. அவர் கொடுத்த விலைக்கு மேல் கொடுத்து வாங்க நாங்கள் தயார்.

அன்புடனும் பணிவுடனும்,
பழைய பதிவுகளை மீட்கும் சிலர்
கொழும்பு