அந்த 60 வீட்டுக்கும் நடந்து போ

அன்பு மகளுக்கு,

அம்மாவும் தம்பியும் சுகம். மழை விட்டுவிட்டது. நெல் பழுத்துக்கொண்டு வருகிறது, வெட்டுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது.

நேற்றிரவு போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். புள்ளிவிபரவியல் தலைக்குள் ஏறவில்லை, பரீட்சையில் புள்ளி குறைந்துவிட்டது என்று அழுதாய். அழுது முடித்த கையோடு, எங்கட ஊரில் எந்தக் குடும்பங்கள் கடன்பட்டிருக்கின்றன என்ற ஆய்வுக்கு ஒரு படிவம் செய்து வட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறேன், 60 பேர் நிரப்பினால் காணும் என்றும் சொன்னாய். புள்ளி குறைந்தது பற்றி எனக்குக் கவலை இல்லை, அடுத்த முறை எடுப்பாய். வட்ஸ்அப் என்று சொன்னாயே, அதற்குத்தான் நித்திரை வரவில்லை. போனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றுவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நான் 28 வருஷம் விதானையாக, அதாவது கிராம அலுவலராக இருந்தவன். உன்ர குறிப்புக் கொப்பியில் உள்ள சூத்திரங்களை இந்த வயசில்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஆனால் அந்தச் சூத்திரத்துக்குள் போடுகிற எண் எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். அது ஒரு வீட்டுப் படலையடியில் பிறக்கிறது. ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் சொல்கிறார், கேட்டவர் எழுதுகிறார். அந்த இடத்தில் பிசகினால் பிறகு எந்தச் சூத்திரமும் அதைத் திருத்தாது.

பெரியப்பாவின் வயலில் நெல் வெட்டி நிறுத்துப் பார்க்க வந்த உத்தியோகத்தரை உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அப்போது நீ ஐந்தாம் வகுப்பு. மாவட்டம் முழுவதும் எவ்வளவு விளைந்தது என்று அறிய எல்லா வயலையும் வெட்டி நிறுக்க முடியாது. அதனால் சில வயல்களைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றிலும் சின்னச் சதுரம் ஒன்றை அளந்து, முளை அடித்து, கயிறு கட்டி, அதற்குள் உள்ளதை மட்டும் வெட்டி நிறுப்பார்கள். பெரியப்பா மடைவாயில் நன்றாக விளைந்த இடத்தைக் காட்டி, "இஞ்சை வெட்டுங்கோ தம்பி, கதிரைப் பாருங்கோ" என்றார். அந்தப் பிள்ளை கையிலிருந்த தாளில் உள்ள எண்ணைப் பார்த்தார். வரம்பு மூலையிலிருந்து இத்தனை அடி நீளப்பாட்டுக்கு, இத்தனை அடி உள்ளுக்கு என்று எண்ணிக்கொண்டு போனார். போய் நின்ற இடம் பன்றி உழக்கிய இடம். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயா, இடத்தை நான் தெரிவுசெய்யவில்லை, எண்தான் தெரிவுசெய்தது" என்று சொல்லிவிட்டு அவர் முளையை அடித்தார். அடுத்த வயலில் அதே தாள் அவரை மிக நல்ல இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கேயும் அவர் ஒன்றும் சொல்லாமல் வெட்டினார்.

உன்ர கொப்பியில் 'எழுமாற்று மாதிரி' என்று நாலு வரி எழுதியிருக்கிறாய். அது இதுதான். எழுமாற்று என்றால் கண்டபடி என்ற அர்த்தம் இல்லை. தெரிவு செய்கிறவரின் விருப்பமும் வயல்காரரின் விருப்பமும் உள்ளே வராதபடி கையைக் கட்டிப்போடுகிற ஒழுங்கு அது. பீகார், ஒரிசாப் பக்கம் ஹப்பாக் என்ற ஆங்கில அதிகாரி 1920களில் நெல்லுக்கு இந்த முறையைச் செய்து பார்த்து 1927இல் எழுதினார். வங்காளத்தில் மகாலனோபிஸ் அதைப் பெரிய அளவில் வளர்த்தார். கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான். நீ பரீட்சைக்குப் பாடமாக்குகிற இந்த விஷயம் நெல்லு வயலுக்குள் வளர்ந்தது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்வோம். பானைக்கு அது சரி. இடம்பெயர்ந்து உடையார்கட்டில் இருந்தபோது 300 பேருக்குக் கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினோம். ஈர விறகு, ஒரு பக்கம்தான் எரியும். மேலே அரிசி கண் விட்டிருக்கும், அடியில் பிடித்திருக்கும். மேலே ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்து என்ன பயன்? துடுப்பால் அடிவரை கிண்டிவிட்டுத்தான் அம்மா அகப்பையைப் போடுவா. ஊர் கிடாரம் மாதிரி, பிள்ளை. வாய்க்கால் தலைப்பில் உள்ளவனுக்கும் கடைசியில் உள்ளவனுக்கும் ஒரே வேக்காடு இல்லை.

இப்போது வட்ஸ்அப்புக்கு வருகிறேன். உன்ர படிவம் யாரிடம் போகும்? நல்ல போன் உள்ளவரிடம், டேட்டா போடக் காசு உள்ளவரிடம், தமிழில் தட்டெழுதத் தெரிந்தவரிடம், உன்னைத் தெரிந்தவரிடம். கடன் கட்ட முடியாமல் போனை அடைவு வைத்த வீட்டுக்கு அது போகாது. நீ தேடுகிற ஆளே அந்த வீட்டில்தான் இருக்கிறார். அமெரிக்காவில் 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை தேர்தலுக்கு முன் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேலே திரும்பி வந்தது. லாண்டன் வெல்லுவார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலும் கார் பதிவிலும் இருந்து எடுத்திருந்தார்கள், திருப்பி அனுப்பியவர்களிலும் ஒரு பக்கத்தாரே அதிகம். தொகை பெரிதானால் பக்கச்சார்பு குறையாது, அதே பிழையைக் கூடிய நம்பிக்கையோடு சொல்லுவோம், அவ்வளவுதான்.

எங்கட பிரிவில் இப்போது 240 குடும்பம். இப்போதைய விதானை நல்ல பிள்ளை, உன்ர திணைக்களத்தில் இருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் பட்டியலைப் பார்க்க விடுவார். 1 முதல் 4 வரை நாலு துண்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடு. மூன்று வந்தால் 3, 7, 11 என்று நாலுக்கு ஒன்றாகப் போ. 60 வீடு வரும். அதில் 30 வீட்டில் கடன் என்று வந்தால், ஊரில் சரிபாதிக்குக் கடன் என்று எழுதிவிடாதே. உன்ர கொப்பியில் உள்ள 95 சதவீத நம்பிக்கைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: பெரிய குடித்தொகை என்றால் 37 முதல் 63 சதவீதம் வரை, எங்கட 240 வீட்டுக்குள் மட்டும் என்றால் 39 முதல் 61 வரை. அந்த அகலத்தை மறைக்காமல் எழுது. அகலத்தைப் பாதியாக்க நாலு மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அப்படியென்றால் ஊர் முழுக்கக் கேட்டுவிடலாம்.

இடையும் இடையமும் குழம்புது என்றாய். பத்து வீட்டை எடு. ஒன்பது வீட்டுக்கு இரண்டு ஏக்கர், ஒரு வீட்டுக்கு 32. இடை ஐந்து ஏக்கர். இடையம், அதாவது வரிசையாக வைத்தால் நடுவில் வருவது, இரண்டு. ஐந்து ஏக்கர் உள்ளவன் ஒருத்தனும் அந்தப் பத்தில் இல்லை. ஒரு உதவித் திட்டத்துக்கு வந்தவர்கள் இப்படி ஒரு சராசரியை எழுதிக்கொண்டு போய், வசதியான ஊர் என்று எங்களை விட்டுவிட்டதை நான் கண்டிருக்கிறேன். சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கிறது என்று காட்டுகிற நியம விலகலும் இதோடு சேர்ந்ததுதான்: மூன்று வயலில் 24, 25, 26 மூடை விளைந்தாலும் சராசரி 25, 15, 25, 35 விளைந்தாலும் 25. வாய்க்கால் கடைசியில் அந்த 15 மூடைக்காரன் இருக்கிறான்.

இன்னொன்று. பெண் தலைமைக் குடும்பங்களில் கடன் கூட என்று உனக்கு வரும், பார். வந்தவுடன், ஆம்பிளை இல்லாததால் நிருவகிக்கத் தெரியாமல் கடன்பட்டார்கள் என்று எழுத ஆள் இருக்கும். நுண்கடன் கொடுக்கிறவர்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். கிழமைக்கிழமை வீட்டு முற்றத்தில் வந்து இருந்து சேர்க்கிறார்கள். ஆண்களைத் தேடி அப்படி வருவதில்லை. இப்படி இரண்டு விஷயங்கள், உன்ர பாடத்தில் மாறிகள், சேர்ந்து நிற்பதைக் கண்டால், யார் அவற்றைச் சேர்த்துவைத்தது என்று பார்க்க வேண்டும். எத்தனை முறை வீட்டுக்கு வந்து கடன் எடுக்கச் சொன்னார்கள் என்று உன்ர படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்.

அந்தப் பெண் தலைமைக் குடும்பம் என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கியதே இதைச் சொல்லத்தான்.

2001இல் இலங்கை முழுவதும் குடிசன மதிப்பீடு நடந்தபோது 18 மாவட்டங்களில்தான் அது முழுமையாக முடிந்தது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதற்குள் இல்லை. 1981க்குப் பிறகு 31 வருஷம் கழித்து, 2012 மார்ச்சில்தான் எங்களை வடிவாக எண்ணினார்கள். கிளிநொச்சியில் 113,510 பேர், முல்லைத்தீவில் 92,238 பேர். அந்த வேலைக்கு நானும் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் தகரக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தா. நெற்றியில் பெரிய பொட்டு. கணவர் 2009இல் வட்டுவாகலில் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர், அதற்குப் பிறகு தகவல் இல்லை. விவாக நிலை என்ற கேள்விக்கு வந்தேன். மணமாகாதவர், மணமானவர், விதவை, விவாகரத்து, பிரிந்தவர். நான் பேனையை வைத்துக்கொண்டு நின்றேன். அவ என்னைப் பார்த்து, "கலியாணம் செய்தவ எண்டு எழுதுங்கோ, விதானையார்" என்றா. எழுதினேன். அடுத்த கேள்வி, வீட்டுத் தலைவர் யார். அதற்கும் அவருடைய பெயரையே சொன்னா.

உன்ர விரிவுரையில் 'பெயரளவை' என்று சொல்லித் தந்திருப்பார்கள், ஸ்டீவன்ஸ் என்றவர் 1946இல் வகுத்த நாலு அளவைகளில் மிகச் சுலபமானது என்று. பெட்டிக்கு எண் கொடுப்பது சுலபம்தான். அந்தப் பிள்ளைக்குப் பெட்டி இருக்கவில்லை. அளவீட்டின் 'தகுதி' என்று நீ பாடமாக்குகிறாயே, அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்ற கேள்வி, அது எனக்கு அந்தக் கொட்டில் வாசலில் விளங்கியது.

அதற்கு முன்னம் இன்னொரு கணக்கு. 2008இல், போர் நடந்தபோது, நிவாரணத்துக்காக ஒவ்வொரு பிரிவிலும் ஆட்களை எண்ணிக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குக் கொடுத்தோம். என்ர பதிவுப் புத்தகத்தை யூரியாப் பையில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் 429,059 பேர். அதில் என்ர பிரிவும் ஒன்று. 2009 தொடக்கத்தில் அரசாங்கத் தரப்பு உள்ளே 70,000 அளவில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சாப்பாடும் மருந்தும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரும். கடைசியில் ஐ.நா. கணக்கின்படி போர்ப் பகுதியை விட்டு அரசாங்கப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் 282,380. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் இரண்டையும் கழித்துக் காட்டி, மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

என்ர கணக்கில் வழு இருந்தது, மகள். உனக்கு நான் அதை மறைக்க மாட்டேன். நிவாரணத்துக்காக ஒரு பெயரைக் கூட்டிச் சொன்ன வீடு இருந்தது. பயத்தில் வளர்ந்த பிள்ளையைச் சொல்லாமல் விட்ட வீடும் இருந்தது. இரண்டு முகாமில் பதிந்தவர்கள் இருந்தார்கள். அதனால் அந்தக் கழித்தலின் விடையை இறந்தவர்களின் தொகை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ஆயரும் அப்படிச் சொல்லவில்லை, கணக்கில் வராதவர்கள் என்றுதான் கேட்டார். ஆனால் வழு இருக்கிறது என்றுவிட்டுக் கேள்வியையே தள்ளிவிட முடியாது. வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பெயராகக் கேட்டால்தான் அதைத் தீர்க்கலாம். அதை இன்னும் ஒருத்தரும் முழுசாகச் செய்யவில்லை.

விடுமுறை தொடங்கும் அன்று இரவு கண்டி - யாழ்ப்பாணம் பஸ்ஸில் ஏறு, விடிய கரடிப்போக்குச் சந்தியில் நிற்பேன். படிவத்தைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வா. விவாக நிலைக்குப் பெட்டி போடாதே, இரண்டு வரி இடம் விடு. முதலில் ஐந்து வீட்டில் கேட்டுப் பார்த்து, விளங்காத கேள்வியைத் திருத்துவோம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால்தான் கூலிக்குப் போனவர்கள் வீட்டில் இருப்பார்கள். ஆளில்லாத வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைக் கேட்காதே, மூன்று தரம் திரும்பப் போ.

நாய் உள்ள வீடுகளுக்கு நான் கூட வருவேன். கச்சான் உடைத்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் வீடு உன்ர 60இல் விழுந்தால் நீ தனியப் போ. நான் நின்றால் அவ விதானைக்குச் சொல்ல வேண்டியதைத்தான் சொல்லுவா. நான் வாய்க்கால் மதகில் இருப்பேன். அவசரப்படாமல் கேட்டு முடித்துக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா