வட்டியை மட்டும் பார்த்தால் போதாது அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் சர்க்கரை, அம்மாவின் முழங்கால் இரண்டும் எப்படி இருக்கிறது என்று தம்பியை விட்டு எழுதச் சொல்லுங்கள். போனில் எங்கள் வீட்டுக் கடனைப் பற்றி நீங்கள் "எத்தனை பர்சென்ட்?" என்று கேட்டீர்கள், நான் "ஆறரை" என்றேன், "ஆறேகாலுக்கு ஒருத்தன் தருகிறான் என்றாயே, அதை ஏன் விட்டாய்?" என்றீர்கள், அதற்குள் லைன் போய்விட்டது. அதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் கடன் லெட்ஜர் பார்த்த மனுஷர், உங்களிடம் கணக்கை மறைக்காமல் வைத்தால்தான் எனக்கு நிம்மதி.

நாங்கள் வாங்கும் வீடு கேரியில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம். விலை 4,20,000 டாலர். எங்கள் கையில் இருப்பது பத்து சதவீதம், 42,000. மீதி 3,78,000 கடன், 30 வருஷம், நிலையான வட்டி. இந்த ஊரின் பெரிய வித்தியாசமே இதுதான் அப்பா. நம் ஊரில் 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) மாதிரியான ஒரு வெளி விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5 ஆனபோது சின்ன மாமாவின் கடன் எத்தனை வருஷம் நீண்டது என்று உங்களுக்கே தெரியும். இங்கே முதல் மாதம் சொன்ன அசல்-வட்டித் தவணைதான் 360-வது மாதமும். 2021 ஜனவரியில் இந்த நாட்டின் சராசரி 30 வருஷ வட்டி 2.65 வரை இறங்கியது, 2023 அக்டோபரில் 7.79-க்கு ஏறியது. அன்றைக்கு மூன்றுக்குள் வாங்கியவர்கள் இன்றும் அதே மூன்றில் உட்கார்ந்திருக்கிறார்கள், வீட்டை விற்க அவர்களுக்கு மனசே வராது, அதனால்தான் சந்தைக்கு வரும் வீடும் குறைவு. எங்களைப் போல் இப்போது வாங்குகிறவர்கள் அந்தக் காலத்தை நினைத்து ஏங்கிப் பயனில்லை, கையில் இருக்கும் தாள்களில் எது நல்லது என்றுதான் பார்க்க முடியும்.

தாள் என்றேனே, அது உண்மையிலேயே அருமையான ஏற்பாடு. லோன் எஸ்டிமேட் என்று பெயர், மூன்று பக்கம். 2015 அக்டோபரிலிருந்து எந்த வங்கியானாலும், எந்தக் கம்பெனியானாலும் விண்ணப்பம் வாங்கிய மூன்று வேலை நாளுக்குள் அதே படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். பெயர், வருமானம், சோஷியல் செக்யூரிட்டி எண், வீட்டு முகவரி, வீட்டின் உத்தேச மதிப்பு, கடன் தொகை, இந்த ஆறும் கொடுத்தால் விண்ணப்பம் கொடுத்ததாகவே கணக்கு. வட்டி எங்கே இருக்குமோ மூன்று பேர் தாளிலும் அங்கேதான் இருக்கும், கட்டணம் எங்கே இருக்குமோ அங்கேதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படிக்கலாம். மூன்று இடத்திலும் ஒரே நாளில் கேட்டு வாங்கினோம், ஏனென்றால் வட்டி தினமும் மாறுகிறது, செவ்வாய்க்கிழமை விலையையும் வெள்ளிக்கிழமை விலையையும் ஒப்பிட்டால் ஒன்றுமே தெரியாது. பல பேர் க்ரெடிட் ரிப்போர்ட் (நம் ஊர் சிபில் மாதிரி) எடுத்தால் ஸ்கோர் இறங்குமே என்று இவர் பயந்தார். 45 நாளுக்குள் வீட்டுக் கடனுக்காக எத்தனை பேர் எடுத்தாலும் ஒரே விசாரணையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இனி கணக்கு. முதலாவது, தரகர் சிபாரிசு செய்த கம்பெனி: 6.25 சதவீதம், மாதம் 2,327 டாலர். இரண்டாவது ஒரு ஆன்லைன் கம்பெனி: 6.75, மாதம் 2,452, ஆனால் அவர்களே 2,500 டாலர் நமக்குத் தருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது இவர் ஆபீஸ் மூலமாக உறுப்பினரான க்ரெடிட் யூனியன், அதாவது நம் கூட்டுறவு சங்கம் மாதிரியே, உறுப்பினர்கள்தான் சொந்தக்காரர்கள்: 6.5, மாதம் 2,389.

முதல் பக்கத்தோடு நிறுத்தினால் முதலாவதுதான் ஜெயிக்கும். இரண்டாம் பக்கத்தில் இடது மேல் மூலையில் A என்று ஒரு பெட்டி இருக்கிறது, கடன் கொடுப்பவர் தனக்காக எடுத்துக்கொள்ளும் பணம் அதில்தான். முதலாவது தாளில் அந்தப் பெட்டியில் 7,065 டாலர். அதில் 5,670 "பாயின்ட்". ஒரு பாயின்ட் என்பது கடன் தொகையில் ஒரு சதவீதம். வட்டியைக் குறைப்பதற்காக நாம் முன்னாடியே கட்டும் பணம். ஆக அவர்கள் ஆறேகாலுக்குக் கொடுக்கவில்லை, ஆறேகாலை நமக்கு விற்கிறார்கள். க்ரெடிட் யூனியன் தாளில் A பெட்டி முதலில் 1,900 இருந்தது, மற்ற இரண்டு தாளையும் காட்டிக் கேட்டதும் 1,450 ஆக்கிக் கொடுத்தார்கள். கேட்டால் குறைக்கிறார்கள் அப்பா, இங்கேயும்.

முதலாவது தாளின் A பெட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் 5,615 டாலர். தவணையில் மிச்சமாவது மாதம் 62. வகுத்துப் பார்த்தால் போட்ட பணம் திரும்ப வர ஏழரை வருஷம் ஆகும். குறைந்த வட்டியில் அசல் கொஞ்சம் வேகமாகக் கரையும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன், அப்படியும் ஏறக்குறைய ஆறு வருஷம். நாங்கள் ஆறு வருஷம் இந்தக் கடனிலேயே இருப்போமா? க்ரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியாது, இவர் வேலை வேறு ஊருக்கு மாறலாம், வட்டி இறங்கினால் நாங்களே ரீஃபைனான்ஸ் செய்வோம், அதாவது குறைந்த வட்டிக்குப் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைப்போம். செய்த அன்றைக்கு மீதிப் பாயின்ட் பணம் போனதுதான், யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இதே வீட்டில் இருபது வருஷம் இருப்போம் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் நான் முதலாவதைத்தான் எடுத்திருப்பேன்.

2,500 தருகிறேன் என்ற இரண்டாவது ஆளும் சும்மா தரவில்லை, அதைக் கூடுதல் வட்டியாக மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார். இரண்டு வருஷத்தில் விற்கப் போகிறவர்களுக்கு அதுதான் லாபம், எங்களுக்கு இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஐந்து வருஷத்தில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள், அதில் அசல் எவ்வளவு அடைந்திருக்கும் என்று இரண்டு எண் போட்டிருக்கும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கடனின் உண்மையான விலை. இரண்டாவது தாளுக்கு அந்த 2,500-ஐ நானே கழித்துக்கொண்டேன். அப்படிப் பார்த்ததில் ஐந்து வருஷத்துக்கு க்ரெடிட் யூனியன் கடன் முதலாவதைவிடச் சுமார் 870 டாலர் மலிவு, இரண்டாவதைவிட 2,000. நான் தீர்மானித்தது இதை வைத்துத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபமே வந்தது. முதலாவது கம்பெனியின் தாளில் வீட்டுக் காப்பீட்டை மாதம் 70 டாலர் என்று போட்டிருந்தார்கள். நாங்கள் காப்பீட்டுக் கம்பெனியில் நேராகக் கேட்டு வாங்கிய விலை 140. வரி, காப்பீடு இரண்டையும் தவணையோடு சேர்த்து வாங்கி எஸ்க்ரோ என்ற கணக்கில் வைத்து அவர்களே கட்டுவார்கள், ஆகையால் அங்கே குறைத்துப் போட்டால் மொத்த மாதத் தொகை அழகாகத் தெரியும். A பெட்டித் தொகையைத் தகுந்த காரணம் இல்லாமல் பிறகு ஏற்ற முடியாது, சட்டம் அப்படி. காப்பீடும் வரியும் வெறும் மதிப்பீடு, எவ்வளவு வேண்டுமானாலும் மாறலாம். அந்தக் கம்பெனி ஆபீசர் "இன்றைக்கே வட்டியை லாக் செய்யுங்கள் (இதே வட்டிக்கு உறுதி செய்துகொள்ளுங்கள்), நாளைக்கு வட்டி ஏறிவிடும்" என்று திரும்பத் திரும்பப் போன் செய்தார். வாங்குகிறவர் படிக்கக்கூடாது என்பதற்காக அவசரப்படுத்துவது தப்பு என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

இப்போது நிலம். திருவையாறு நிலத்தை விற்று இன்னொரு 42,000 அனுப்புகிறேன், இருபது சதவீதம் ஆகிவிடும், பிறகு மெதுவாகத் திருப்பிக் கொடு என்றீர்கள். அப்பா, வேண்டாம். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, இதற்கும் கணக்கு போட்டுத்தான் சொல்கிறேன். இருபது சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டால் பி.எம்.ஐ. என்று ஒரு காப்பீடு கட்ட வேண்டும், எங்களுக்கு மாதம் 126 டாலர். அது நமக்கான காப்பீடு இல்லை, நாம் கட்டாமல் போனால் கடன் கொடுத்தவரைக் காப்பாற்ற. நீங்கள் பணம் அனுப்பினால் இந்த 126 போகும், கடன் குறைவதால் தவணையிலும் 265 குறையும், ஆக மாதம் 391 மிச்சம். நல்ல தொகைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பி.எம்.ஐ. காலத்துக்கும் இருப்பதில்லை. பாக்கி வீட்டின் முதல் மதிப்பில் 80 சதவீதத்துக்கு வந்ததும், தவணை தவறாமல் கட்டியிருந்தால், எழுதிக் கேட்டு எடுத்துவிடலாம். கேட்காவிட்டாலும் தவணை அட்டவணைப்படி 78-க்கு வரும்போது அவர்களே எடுக்க வேண்டும் என்று 1998-லேயே சட்டம் இருக்கிறது. கூடுதலாக எதுவும் கட்டாவிட்டால் அந்த 80-க்கு வர எட்டு வருஷம் ஆகும், மாதம் 250 டாலர் கூடுதலாக அசலில் போட்டால் ஐந்தே வருஷம். அந்த 250 எங்களால் முடியும். நிலம் போனால் அந்த வாய்க்கால் ஓரத்தில் அதே விலைக்கு யார் தருவார்கள்?

அதைவிடப் பெரிய காரணம், பெற்றோர் பணம் கொடுத்தால் இங்கே அன்பளிப்புக் கடிதம் கேட்பார்கள். "இது கடன் அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை" என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பித் தருவேன் என்று நானும், வாங்கிக்கொள்வேன் என்று நீங்களும் பேசி வைத்துக்கொண்டு அப்படி ஒரு தாளில் உங்களைக் கையெழுத்துப் போட வைக்க எனக்கு மனசு ஒப்பாது. வாழ்க்கை முழுக்க ஒரு பொய்க் கணக்கு எழுதாத கை அது.

கையெழுத்து அடுத்த மாதம், இந்த மாநிலத்தில் வக்கீல் முன்னிலையில்தான் முடிப்பார்கள். அதற்கு மூன்று வேலை நாள் முன்னாடி இறுதிக் கணக்குத் தாள் வரும், அதை எஸ்டிமேட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுவிட்டுத்தான் பணம் அனுப்புவோம். பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு விவரம் ஈமெயிலில் வந்தால் அப்படியே நம்பக்கூடாது என்று வக்கீல் ஆபீசில் எச்சரித்திருக்கிறார்கள், நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்துகொள்வோம். அம்மாவிடம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கச் சொல்லுங்கள், இங்கே கேரி வேங்கடேஸ்வரர் கோயிலில் அர்ச்சகரையும் கேட்டு வைக்கிறேன்.

அப்புறம் தம்பி திருச்சியில் ஃப்ளாட்டுக்கு லோன் பேசுகிறான் இல்லையா. நம் ஊரிலும் இந்த மாதிரித் தாள் வந்துவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து தனிநபர்களுக்கான எல்லாப் புதிய தவணைக் கடன்களுக்கும் வங்கி முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது, கே.எஃப்.எஸ். என்று கேட்டால் தெரியும். அதில் பிராசஸிங் ஃபீஸ் போன்ற எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த வருடாந்திர விகிதம் இருக்கும், விளம்பரத்தில் போடும் வட்டியை விட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கொடுத்த தாள் குறைந்தது மூன்று வேலை நாளுக்குச் செல்லும், ஆகவே அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. கடனோடு சேர்த்து ஒரு ஆயுள் காப்பீட்டையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அது தனியாக எவ்வளவு என்று கேட்கட்டும். இரண்டு வங்கித் தாளையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். நீங்களும் பாருங்கள், உங்கள் கண்ணுக்குத் தப்பினது எதுவும் இருக்காது.

அன்புடன்,
உங்கள் மகள்