மாலத்தீவின் சுங்கம் பேருக்கு இருக்கிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் இதழில் மாலத்தீவு பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். கடலையும் விடுதிகளையும் பற்றி எழுதியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நடுவில், “ஐந்து லட்சம் பேர் வாழும் குட்டி நாடு, சுங்கமும் வரியும் அங்கே பேருக்குத்தான். நாம் வெங்காயத்தை நிறுத்தினால் ஒரே வாரத்தில் வழிக்கு வந்துவிடுவார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலேக்குத் தோணி என்னும் மரக்கலத்தில் சரக்கு அனுப்பியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை. பல ஆண்டுகளாகத் தங்கள் வாசகன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பேருக்குத்தான் என்று யார் சொன்னார்கள்? மீனும் தேங்காயும் போக, ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வந்து இறங்க வேண்டிய நாடு அது. அரிசி, பருப்பு, முட்டை மட்டுமல்ல, வீடு கட்ட ஆற்றுமணலும் சல்லியும்கூட நம்மிடமிருந்துதான் போகின்றன. 2020 வரை அங்கே தனிநபர் வருமான வரியே கிடையாது. 2011இல் ஜி.எஸ்.டி.யைக் கொண்டுவந்து பல பொருள்களுக்கு இறக்குமதி வரியைக் குறைக்கும்வரை, அரசாங்கம் நடப்பதற்குத் துறைமுகத்தில் வசூலாகும் பணம்தான் பெரிய ஆதாரம். அப்படிப்பட்ட இடத்தில் சுங்கம் பேருக்கு இருக்க முடியுமா? இது தங்களுக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்தும் அந்த வாக்கியத்தை விட்டிருக்கிறீர்களே என்பதுதான் வருத்தம்.

ஒருமுறை வெங்காயம் ஏற்றி அனுப்பினேன். இங்கே காகிதம் தயாரித்த ஏஜென்ட், நிகர எடைக்கும் (சரக்கு மட்டும்) மொத்த எடைக்கும் (மூட்டைப் பையோடு சேர்த்து) ஒரே எண்ணைப் போட்டுவிட்டார். வெங்காயமோ கடலில் போகும்போதே காய்ந்து எடை குறையும் பொருள். மாலேயில் தராசில் வைத்தபோது எதுவும் ஒத்துவரவில்லை; சரக்கு நின்றுவிட்டது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அடியில் கிடந்த மூட்டைகளிலிருந்து பழுப்பாக நீர் கசிந்து தார்ப்பாயில் தேங்கியது. மேல் மூட்டைகளில் வலைக்கண் வழியாகப் பச்சை முளை எட்டிப் பார்த்தது. பரிசோதித்த இளைஞர் குரலை உயர்த்தவில்லை, கையும் நீட்டவில்லை. விதியைக் காட்டினார், திருத்திய காகிதம் கேட்டார். அது வந்து சேர்வதற்குள் பாதிச் சரக்கைக் கடலில் கொட்டும் நிலைமை. இங்கே காகிதம் போட்டுக் கொடுத்தவர் இன்றுவரை ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

மதுவும் பன்றி இறைச்சியும் சாதாரணமாகக் கொண்டுபோக முடியாது என்பது சுற்றுலாப் பயணிகளுக்கே தெரியும். வழிபாட்டுச் சிலைகளுக்கும் அங்கே தடை. வம்பு எதற்கென்று நாங்கள் சாமி படம் போட்ட நாள்காட்டியைக்கூடச் சரக்கோடு வைப்பதில்லை. தை பிறந்தால் இங்கே எல்லா வாடிக்கையாளருக்கும் நாள்காட்டி கொடுப்பது கடை மரபு. மாலே வாடிக்கையாளருக்கு மட்டும் வெறும் தேதி அச்சிட்டதைத் தேடி வாங்கி அனுப்புவேன். அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். 2021 ஜூனிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பாக்குப் பொட்டலம்கூட அந்தப் பட்டியலில் உண்டு. நம் ஊரில் பிளாஸ்டிக் தடை எந்த நிலையில் இருக்கிறது என்று தாங்களே தலையங்கம் எழுதியிருக்கிறீர்கள். எந்த நாட்டுச் சட்டம் பேருக்கு இருக்கிறது என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

இனி வெங்காயத்தை நிறுத்தும் பேச்சுக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் மாலத்தீவின் மூன்று துணை அமைச்சர்கள் நம் பிரதமரைப் பற்றித் தகாத வார்த்தை பேசிய நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்கள் பேசியது தவறுதான். அந்த அரசே அவர்களைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் நம் அரசு என்ன செய்தது? இரு நாடுகளுக்கும் இடையிலான 1981ஆம் ஆண்டு வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ், அதுவரை இல்லாத அளவுக்கு மாலத்தீவுக்கு ஏற்றுமதி ஒதுக்கீடு கொடுத்தது. வெங்காயம் மட்டும் 35,749 டன். முட்டை 42 கோடிக்கும் மேல். 2023 டிசம்பரில் வெங்காயத்துக்கு விதித்த ஏற்றுமதித் தடை பொதுவாக நீடித்தபோதே இது நடந்தது. சரக்கு போகவேண்டிய துறைமுகங்களின் பட்டியலில் தூத்துக்குடியும் இருந்தது. டெல்லிக்குப் புரிந்தது தங்கள் கட்டுரையாளருக்குப் புரியவில்லை.

வெங்காயத்தை நிறுத்தினால் முதலில் வாடுவது மாலே இல்லை, ஐயா. சுமை தூக்குகிறவர், தோணியை நடத்தும் தண்டல், அவரை நம்பியிருக்கும் மாலுமிகள், உடுமலையிலும் ஒட்டன்சத்திரத்திலும் காய்கறி வாங்கி அனுப்பும் வியாபாரி, இவர்கள் வீட்டில்தான் முதலில் அடுப்பு அணையும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தோணி எப்படியும் கரையில்தான் கிடக்கும். மிச்ச மாதங்களையும் பிடுங்கிக்கொள்ளச் சொல்வதற்கு ஒரு பயணக் கட்டுரை போதுமா?

மனத்தில் கிடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் அந்த வெங்காயத் தடை வந்த செய்தியை எனக்குச் சொன்னது மாலேயில் இருக்கும் வாடிக்கையாளர். லாரியில் ஏற்றிய சரக்கு மதுரை தாண்டிவிட்டது. மறுநாள் தங்கள் இதழைப் புரட்டினேன். உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு நடிகரின் பிறந்தநாள் விழாப் படம்தான் பெரிதாக இருந்தது. துறைமுகத்தை நம்பி வாழும் ஊரின் பக்கம் அது. மாசிக் கருவாடு அங்கிருந்தும் அரிசி இங்கிருந்தும் போய்வந்த உறவு எங்கள் தாத்தாக்கள் காலத்தது. அதை எழுத ஆள் இல்லை. “குட்டி நாடு” என்று எழுத மட்டும் ஆள் கிடைக்கிறார்கள்.

தங்களிடம் கேட்பது இரண்டுதான். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். சிறிய எழுத்தில் இருந்தாலும் போதும். ஏற்றுமதி, இறக்குமதி பற்றி மத்திய அரசின் அறிவிப்பு வரும் நாள்களில், அதைத் தூத்துக்குடிப் பக்கத்தில் நான்கு வரி தமிழில் போடுங்கள். பொருளின் பெயர், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் துறைமுகம் என்ற விவரம் இருந்தால் எங்களுக்கு அது போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தோணிச் சரக்கு வியாபாரி,
தூத்துக்குடி.