இடப்பக்கத்து இருக்கை

அன்புள்ள ரகு,

இங்கே எல்லாரும் நலம். உன் முட்டி ஆப்பரேஷனை இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டு போகாதே, டாக்டர் சொல்கிற தேதியில் போய்ப் படு. மூர்த்தி வீட்டுக் கல்யாணப் படங்கள் வந்து சேர்ந்தன. அந்த மீசையை அவன் எடுக்கவே போவதில்லை போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பயிற்சிக் கேப்டன் டானியல் ராஜினாமா கொடுத்துவிட்டார். நீ இங்கே வந்திருந்தபோது உன்னை சிமுலேட்டரில் உட்கார வைத்தாரே, நீ ஓடுபாதையை விட்டுப் புல்வெளியில் இறக்கியபோதும் முகம் மாறாமல் ‘இன்னொரு தடவை பண்ணலாம்’ என்றாரே, அவரேதான். பெரிய விமான நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது. அவருக்காக மனசார சந்தோஷப்பட்டேன், கட்டிப்பிடித்து வாழ்த்தும் சொன்னேன். அப்புறம் இடத்தில் வந்து உட்கார்ந்து அடுத்த மூன்று மாதப் பயிற்சி அட்டவணையைத் திறந்தால் வயிற்றைக் கலக்கிவிட்டது.

அமெரிக்காவில் விமானிப் பஞ்சம்தான் தீர்ந்துவிட்டதாமே, இன்னும் என்ன புலம்புகிறாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நீ படித்ததில் பாதி சரி. 2022, 2023-இல் பெரிய நிறுவனங்கள் விமானிகளை அள்ளிக்கொண்டு போன வேகம் 2024-இல் குறைந்தது. புது விமானங்கள் நேரத்துக்கு வரவில்லை, அதனால் அவர்களுக்கும் ஆள் வேண்டியிருக்கவில்லை. சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானங்களை ஓட்டும் எங்களைப் போன்ற பிராந்திய நிறுவனங்களில் சேர இப்போது இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் உட்காரப்போவது வலப்பக்கத்து இருக்கையில், துணை விமானியாக. காலியாகிக்கொண்டே இருப்பது இடப்பக்கம், கேப்டன் உட்காருகிற பக்கம். மொத்தத் தலையை எண்ணிப் பார்த்துவிட்டுப் பஞ்சம் இல்லை என்று எழுதுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

ஒரு துணை விமானி கேப்டன் ஆக வேண்டுமானால், மொத்த அனுபவம் போக, விமான நிறுவனப் பணியில் மட்டும் 1000 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. கேப்டன்கள் குறைந்தால் கிளம்புகிற விமானங்கள் குறையும். விமானங்கள் குறைந்தால் புதிதாக வந்த பையன்கள் ரிசர்வில், அதாவது கூப்பிட்டால் வந்து பறக்க வேண்டிய காத்திருப்பில், போன் வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அந்த 1000 மணி நேரம் சேரவே சேராது. அப்படியே சேர்ந்தாலும், புதுக் கேப்டனோடு முதல் சில நாள் கூடவே பறந்து ‘இவர் தேறிவிட்டார்’ என்று கையெழுத்துப் போட ஒரு பயிற்சிக் கேப்டன் வேண்டும். டானியல் அந்த வேலையைத்தான் பார்த்தார். கணக்கில் அவர் ஒரு ஆள். என் அட்டவணையில் அவர் பெயரை அழித்தால் அவருக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரின் தேதியும் சரிகிறது.

விமான நிறுவனத்தில் விமானியாகப் பறக்க 1500 மணி நேர அனுபவம் வேண்டும் என்கிற விதியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீ எழுதியதை நான் ஏற்கமாட்டேன். அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ பக்கம் கோல்கன் ஏர் என்கிற பிராந்திய நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்து 50 பேர் போனார்கள். அந்த விமானத்தின் இரண்டு விமானிகளும் 1500 மணி நேரத்தை எப்போதோ தாண்டியவர்கள்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் துணை விமானி முந்தின இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு, நாட்டின் மறுகோடியில் இருக்கிற நூவர்க்குக்கு வேலைக்கு வந்தவர். வேலை பார்க்கிற ஊரில் வாடகை கொடுத்துத் தங்கச் சம்பளம் எங்கே கட்டும்? விசாரணையில் அது வெளியே வந்தபோதுதான் பிராந்திய விமானிகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று நாடு முழுக்கப் பேசினார்கள். 2010-இல் சட்டம் வந்தது, 2013-இல் மணி நேர விதி அமலுக்கு வந்தது, 2014-இல் ஓய்வு நேர விதிகளும் மாறின. வேண்டிய மணி நேரம் உள்ளவர்கள் கிடைப்பது அரிதானதால்தான் சம்பளமும் ஏறியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் சொந்தப் பிராந்திய நிறுவனங்களில் முதல் வருடத் துணை விமானிக்கு ஒரு மணி நேரத்துக்கு 90 டாலர் என்று அறிவித்தது 2022-இல். அந்த 50 பேரின் குடும்பங்கள் வாஷிங்டனில் வருடக்கணக்காக ஏறி இறங்கி வாங்கிக்கொடுத்ததில் கை வைக்க எனக்கு மனம் வராது.

ஆனால் சம்பளத்தாலும் கேப்டன்களைப் பிடித்து வைக்க முடியவில்லை. இதை உனக்கு விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்தத் தொழிலில் ஒருவருடைய வாழ்க்கை முழுவதையும் தீர்மானிப்பது அவருடைய சீனியாரிட்டி எண். பெரிய நிறுவனத்தில் சேர்ந்த தேதியை வைத்து அந்த எண் விழும். எந்த விமானம், எந்த ஊர், தீபாவளியோ கிறிஸ்துமஸோ வீட்டில் இருக்கலாமா, கேப்டன் ஆவது எப்போது, எல்லாம் அந்த வரிசைப்படிதான். 65 வயதில் கட்டாயம் இறங்கியாக வேண்டும். இன்றைக்குப் போகாமல் ஒரு வருடம் கழித்துப் போனால், நடுவில் சேர்ந்த அத்தனை பேரும் கடைசி நாள் வரை அவருக்கு முன்னால்தான் நிற்பார்கள். எங்கள் நிர்வாகம் டானியலுக்குப் பெரிய போனஸ் தருவதாகச் சொன்னது. அவர் என்னிடம் சொன்னது இதுதான்: ‘பணத்தை அப்புறம்கூடச் சம்பாதிக்கலாம், தேதியை எப்படித் திரும்ப வாங்குவது?’ எனக்குப் பதில் தெரியவில்லை ரகு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. போன மாதம் அனுபவமுள்ள ஒரு துணை விமானி என் மேஜைக்கு வந்தாள். கேப்டன் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தோம். இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அவளுடைய இந்த மாத அட்டவணை, சனி ஞாயிறுகள் எல்லாம் காலிக் கட்டங்கள். மற்றது எங்கள் கேப்டன் வரிசையில் கடைசியில் இருப்பவருடைய அட்டவணை, கேப்டன் ஆனால் இவளுக்கும் அந்த இடம்தான், ரிசர்வ், ரிசர்வ், ரிசர்வ் என்று நிரம்பி, நடுவில் செவ்வாய் புதனாக இரண்டு மூன்று விடுமுறை. அவள் வீடு வேறு மாநிலத்தில், சின்னக் குழந்தைகள் வேறு. ‘நான் எந்த நாளில் வீட்டில் இருப்பேன் என்று இதில் காட்டுங்கள்’ என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததைக் கோப்பில் வைத்தேன். அருமையான விமானி, நாளைக்கே கேப்டனாக உட்காரத் தகுதியுள்ளவள்.

கட்டணத்தை ஏற்றிச் சமாளிக்கலாமே என்பாய். டிக்கெட்டை விற்பது நாங்கள் இல்லை. பெரிய நிறுவனத்தின் பெயரையும் வண்ணத்தையும் பூசிக்கொண்டு, அவர்கள் ஒப்பந்தப்படி தருகிற பணத்துக்குப் பறக்கிறோம். பெரிய விமானமும் வாங்க முடியாது, அவர்களுடைய விமானிகள் சங்க ஒப்பந்தம் எங்களை 76 இருக்கைக்குள் நிறுத்தியிருக்கிறது. இதில் கடைசியில் அடி வாங்குவது சின்ன ஊர்கள். 2022-இல் ஸ்கைவெஸ்ட் என்கிற பிராந்திய நிறுவனம், விமானிகள் இல்லாததால் 29 ஊர்களுக்கு அரசு மானியத்தில் ஓட்டிய சேவையை விடுவதாக எழுதிக் கொடுத்தது. 2018-இல் கிரேட் லேக்ஸ் என்கிற இன்னொரு நிறுவனம் பறப்பதையே நிறுத்திவிட்டது. இப்படி விமானம் நின்றுபோகிற ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அதற்கப்புறம் காரில் மணிக்கணக்கான பயணம்தான்.

ஒரு யோசனை என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. பயிற்சிக் கேப்டன்களுக்குப் பெரிய நிறுவனம் சீனியாரிட்டி எண்ணை இன்றைக்கே கொடுத்துவிடட்டும். எண் அங்கே ஓடிக்கொண்டிருக்கட்டும், ஆள் இங்கே இரண்டு வருடம் இருந்து அடுத்த தலைமுறைக் கேப்டன்களைத் தயார் செய்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்குத் தேதி நஷ்டமில்லை, எங்களுக்கு ஆள் நஷ்டமில்லை. அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இதில் லாபம், எங்கள் விமானங்கள் ஓடினால்தானே அவர்களுடைய பெரிய விமானங்களுக்குப் பயணிகள் வந்து சேருவார்கள்? இப்படி ஒன்று இருந்திருந்தால் டானியல் இருந்திருப்பார், அவரே என்னிடம் சொன்னார். இரண்டு பக்கத்து விமானிகள் சங்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும், அங்கேதான் சண்டை வரும். தங்கள் வரிசையில் வெளியாள் நிற்பதை யார்தான் விரும்புவார்கள்? ஆனாலும் கேட்காமல் விடப் போவதில்லை.

இதை நிர்வாகத்துக்கு இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி, நகலை உனக்கும் வைத்திருக்கிறேன். ஆயுசு முழுக்க ஷிப்ட் பட்டியல் போட்டவன் நீ. எந்த இடத்தில் இடிக்கிறது என்று சிவப்பு மையில் குறித்து அனுப்பு. கல்லூரியில் என் கவிதையைப் பாராட்டியதுபோல ‘பிரமாதம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் சண்டைக்கு வருவேன். மாதக் கடைசிக்குள் கிடைத்தால் நல்லது, அடுத்த கேப்டன் காலியிடப் பட்டியல் அப்போதுதான் வெளியாகிறது.

அன்புடன்,
சேது